பத்து மாடுகளின் பாக்கி

மூணாறு நயமக்காடு எஸ்டேட்டில் 2022 அக்டோபர் முதல் வாரத்தில் ஒரு புலி இரண்டே நாளில் பத்து மாடுகளைக் கொன்றது. எல்லாம் தேயிலைத் தொழிலாளர்களின் மாடுகள். தொழுவத்தில் கட்டிக் கிடந்தவற்றைத் தேடி வந்து அடித்தது.

மேய்ச்சலில் நிற்கும் மாட்டுக்குப் புலி வாடை பட்டால் ஓடவாவது வழி உண்டு. கட்டிய மாட்டுக்கு அதுவும் இல்லை. ஒன்றின் கழுத்தில் பல் பதிந்ததும் பக்கத்து மாடுகள் மிரண்டு கயிற்றை இழுத்துத் துள்ளும். அந்தத் துள்ளலும் அலறலும் புலியை அடுத்த மாட்டின் மேல் பாய வைக்கும். ஓர் இரவில் ஒரு புலி தின்னக்கூடியது ஒரு மாட்டில் ஒரு பங்குதான். ஆனாலும் தகரக் கூரைக்குக் கீழே வரிசையாக மாடுகள் செத்துக் கிடக்கும். மலைத் தோட்டங்களில் தொழுவம் என்றால் பெரும்பாலும் நாலு மரத்தூண், இடுப்பளவு பலகைத் தடுப்பு, மேலே தகரம். வாசலில் குறுக்கே ஒரு கழி இருந்தால் அது மாடு வெளியே போகாமலிருக்கப் போட்டது. புலியைத் தடுக்க அங்கே எதுவும் இல்லை.

ஜனங்கள் மூணாறு–உடுமலை சாலையில் உட்கார்ந்து மறித்தார்கள். வனத்துறை கூண்டு வைத்தது. அக்டோபர் 4ஆம் தேதி இரவு புலி கூண்டில் விழுந்தது. பரிசோதித்தபோது அதன் இடது கண்ணில் புரை விழுந்திருந்தது தெரிய வந்தது. காட்டில் மிளாவைத் துரத்திப் பிடிக்க முடியாத விலங்கு, கட்டிய மாட்டைத் தேடி வந்ததில் வியப்பில்லை. 7ஆம் தேதி அதைக் கழுத்துப் பட்டையுடன் பெரியாறு புலிகள் காப்பகத்தில் கொண்டுபோய் விட்டார்கள். 15ஆம் தேதி, ஏரியில் விரித்திருந்த மீன் வலையில் சிக்கி அது செத்துக் கிடந்தது.

மாடும் போயிற்று, புலியும் போயிற்று. பாதுகாக்கப்பட்ட விலங்குகளுக்கும் சின்னக் குடும்பங்களின் மாடுகளுக்கும் நடுவில் நம் நாட்டில் நடப்பது என்ன என்று யாராவது கேட்டால் இந்த ஒரு சம்பவத்தைக் காட்டலாம். வனவிலங்குச் சட்டம் எழுதும்போது மாட்டுக்காரரை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. அதனால் கடைசியில் புலியையும் அந்தச் சட்டத்தால் முழுசாகக் காப்பாற்ற முடியவில்லை.

பத்து மாடு என்றால் எவ்வளவு என்பதை அறிய எருத்தேன்பதிப் பக்கம் வந்து கேட்க வேண்டும். பாலக்காடு மாவட்டத்தில் சித்தூர் தாலுகா. கொழிஞ்சாம்பாறைக்கும் வேலந்தாவளத்துக்கும் பக்கத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பஞ்சாயத்து. வீட்டுப் பேச்சு தமிழ். கேரளம் என்றால் மழை என்று நினைப்பவர்களுக்கு இந்த மண் வேறு முகம் காட்டும். காற்றும் வெயிலும் பனைமரமும் நிறைந்த வறண்ட பூமி. வெள்ளாமை கைவிடும் வருஷத்தில் குடும்பத்தைத் தாங்குவது கறவை மாடுதான். கேரளத்தின் பால் உற்பத்தியில் சித்தூர் வட்டாரத்துக்கு முன்வரிசையில் இடம் இருக்கிறது. விடிவதற்கு முன்னால் பால் சொசைட்டி வாசலில் தூக்குப்போசியும் கேனுமாக நிற்கும் பெண்களைப் பார்த்தால் அதன் காரணம் புரியும்.

அவர்களிடம் மாட்டு விலையைக் கேளுங்கள். நல்ல கறவை, இரண்டாம் ஈத்து மாடு என்றால் எழுபதாயிரம், எண்பதாயிரம் என்று தொடங்குவார்கள். விலை அத்துடன் முடிவதில்லை. பத்து லிட்டர் கறக்கும் மாட்டுக்கு லிட்டர் நாற்பது ரூபாய் என்று குறைத்து வைத்தாலும் மாதம் பன்னிரண்டாயிரம். தவிடு, புண்ணாக்கு, சோளத்தட்டு போக அதில் பாதி மிஞ்சலாம். அந்தப் பாதியில்தான் பிள்ளையின் பஸ் கட்டணமும் சுயஉதவிக் குழுத் தவணையும் அடங்கும். சினை மாடு செத்தால் வயிற்றுக் கன்றும் சேர்ந்து போகிறது. கெடேரிக் கன்று என்றால் மூன்று வருஷம் கழித்து வரவேண்டிய இன்னொரு கறவையும் போகிறது. வாங்கிய கடனோ அப்படியே நிற்கிறது.

எருத்தேன்பதிச் சமவெளிக்குப் புலி வருவதில்லை. ஆனால் தெற்கே கொஞ்ச தூரம் போனால் நெல்லியாம்பதி மலையடிவாரம். அங்கே கொல்லங்கோட்டுப் பக்கம் 2024 மே மாதம் ஒரு தோட்டத்துக் கம்பி வேலியில் சிறுத்தை ஒன்று சிக்கி, மயக்க ஊசி போட்டு மீட்ட பிறகு செத்துப் போனது. முதலமடைப் பஞ்சாயத்தின் மறுகோடியில் பரம்பிக்குளம் புலிகள் காப்பகம். அங்கே போக, தமிழ்நாட்டுச் சேத்துமடை வழியாகத்தான் சுற்ற வேண்டும். காடும் ஊரும் இரண்டு மாநிலமும் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து கிடக்கும் பூமி இது. மாட்டுக்காரர்கள் இங்கே பெரும்பாலும் எல்லைக்கு இருபுறமும் சொந்தபந்தம் உள்ளவர்கள். மூணாறில் மாடு செத்தால் இங்கே அதன் வலி புரியும்.

மூணாறுக் குடும்பங்களுக்கு எருத்தேன்பதிக்காரர்களைவிடவும் ஒரு கஷ்டம் கூடுதல். அவர்களுக்குச் சொந்த நிலம் கிடையாது. 1870களின் கடைசியில் கண்ணன் தேவன் மலை வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள் கைக்குப் போனது. அதற்குப் பிறகு காட்டை வெட்டித் தேயிலை நட, திருநெல்வேலி, மதுரைச் சீமைகளிலிருந்து கங்காணிகள் கூட்டி வந்தவர்களின் வழித்தோன்றல்கள் இவர்கள். லயத்து வீடு கம்பெனியுடையது. வீட்டைச் சுற்றியுள்ள மண் கம்பெனியுடையது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். அப்படிப்பட்ட ஒரு குடும்பம் தன்னுடையது என்று உரிமையோடு சொல்லக்கூடிய ஒரே பெரிய சொத்து தொழுவத்தில் நிற்கும் மாடுதான். 2020 ஆகஸ்டில் பெட்டிமுடியில் மலை சரிந்து எழுபது பேர் மாண்டபோது, இந்த லயத்து வாழ்க்கை எவ்வளவு மெல்லிய தரையில் நிற்கிறது என்று நாடு ஒரு வாரம் பேசியது. பிறகு மறந்துவிட்டது.

மூணாறு மலையின் சோலைக்காட்டில் தேயிலை வருவதற்கு முன்பே புலி இருந்தது. அதன் இடத்தைப் பறித்தது லண்டனிலும் ஸ்காட்லாந்திலும் எடுத்த முடிவு. அந்த முடிவில் கொழுந்து கிள்ளுகிறவரின் பாட்டனுக்குப் பங்கில்லை. மிச்சமிருக்கும் காட்டைக் காக்க வேண்டும் என்பது 1972இல் டெல்லியில் எடுத்த முடிவு. நல்ல முடிவு. அதிலும் அவருக்குப் பங்கில்லை. இரண்டு முடிவுக்கும் சேர்த்து விலை கொடுக்கிறவர் மட்டும் அவர்.

மாடு வளர்க்கச் சொன்னதும் அரசாங்கமே. மூணாறிலிருந்து சில மைல் தூரத்தில் மாட்டுப்பட்டியில் 1963இல் இந்திய–சுவிஸ் கூட்டுத் திட்டம் தொடங்கியது. சுவிட்சர்லாந்திலிருந்து பிரவுன் சுவிஸ் காளைகளைக் கொண்டுவந்து நாட்டு மாடுகளோடு சேர்த்து ‘சுனந்தினி’ என்ற கலப்பினத்தை உருவாக்கினார்கள். கேரளத்தின் வீட்டுக்கு வீடு கறவை மாடு என்ற நிலைக்கு அது ஒரு பெரிய காரணம். அந்தக் கலப்பின மாடு பால் தரும். ஆனால் காட்டோரத்து நாட்டு மாட்டைப் போலக் கொம்பைத் தாழ்த்தி நிற்கவோ, மேடேறி ஓடவோ அதனால் ஆகாது. மடி கனத்து, கயிற்றில் நிற்கும் மாடு அது.

இப்போது சட்டம் என்ன சொல்கிறது என்று பார்க்கலாம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் புலி, சிறுத்தை, ஓநாய், செந்நாய் எல்லாம் இருக்கின்றன. அந்தச் சட்டத்தின் 11ஆம் பிரிவுப்படி, முதல் அட்டவணை விலங்கைக் கொல்ல மாநிலத் தலைமை வனஉயிரினக் காப்பாளர் அனுமதிக்கலாம். அதற்கு அந்த விலங்கு மனித உயிருக்கு ஆபத்தாக இருக்க வேண்டும், அல்லது மீள முடியாத ஊனமோ நோயோ உள்ளதாக இருக்க வேண்டும். மாட்டைக் கொன்றது என்பது காரணமாகாது. 2024 மார்ச்சில் கேரளம் மனித–விலங்கு மோதலை மாநிலப் பேரிடராக அறிவித்தது. 2025 அக்டோபரில் சட்டமன்றம் வனவிலங்குச் சட்டத்துக்கு ஒரு திருத்த மசோதாவையும் நிறைவேற்றியது. அதன் கவனமும் மனிதரைத் தாக்கும் விலங்கின் மேல்தான். இதைக் குறையாகச் சொல்லவில்லை. மனித உயிர் முதலில் வருவது சரி. மாட்டைக் கொன்ற ஒவ்வொரு புலியையும் சுடலாம் என்று சட்டம் இருந்தால் 2022 கணக்கெடுப்பில் நாட்டில் 3,682 புலியும் கேரளத்தில் 213 புலியும் இருந்திருக்காது. சட்டம் புலியைக் காக்கிறது, காக்கட்டும். மாட்டுக்காரருக்கு அது விட்டு வைத்திருக்கும் ஒரே வாசல் இழப்பீடுதான். அந்த வாசல் அகலமாகத் திறந்திருக்க வேண்டும்.

திறந்திருக்கிறதா?

மாலையில் தானாகத் திரும்ப வேண்டிய மாடு வரவில்லை. டார்ச் எடுத்துக்கொண்டு தேயிலைக்குள் தேடுகிறார்கள். மறுநாள் சதுப்பில் எலும்பும் தோலுமாகக் கிடைத்தால் அதிர்ஷ்டம். உடனே வனத்துறைக்குச் சொல்லி, கால்நடை மருத்துவரை வரவழைத்து, இன்ன விலங்கு அடித்தது என்று சான்றிதழ் வாங்கி, படம் எடுத்து, ஆன்லைனில் விண்ணப்பம் போட வேண்டும். கொழுந்து கிள்ளும் நாள் கூலி இரண்டு மூன்று போகும். நிதி ஒதுக்கீடு வரும்போது பணம் வரும். மாடு கிடைக்காமலே போனால்? செத்ததற்குச் சாட்சி இல்லை, இழப்பீடும் இல்லை. காட்டோரத்தில் காணாமல் போகும் மாடுகள் அரசாங்கக் கணக்கில் ஏறுவதே கிடையாது.

கேரளத்தின் இழப்பீட்டு விதிகள் 1980இல் வந்தவை. அவ்வப்போது தொகையை உயர்த்தியிருக்கிறார்கள். ஆனால் விதியின் நோக்கு மாறவில்லை. செத்த உடலுக்கு ஒரு விலை, அத்துடன் சரி. கிடைக்காமல் போன பாலுக்கு விலை இல்லை. தப்பிய மாடுகள் மிரட்சியில் கறவை வற்றி நிற்பதற்கும், பயந்துபோன குடும்பம் மேய்ச்சலை நிறுத்திவிட்டுக் காசு கொடுத்துத் தீவனம் வாங்குவதற்கும் விலை இல்லை. பெரியவாரை, கன்னிமலை என்று எஸ்டேட் பெயர்கள் மாறி மாறிச் செய்தியில் வருகின்றன. மாடு செத்த செய்தி வருகிறது. அந்த வீட்டில் அடுத்த மாடு வந்ததா என்ற செய்தி வருவதில்லை.

உலகத்தின் மறுபக்கத்தில் இதே கேள்விக்கு என்ன பதில் சொன்னார்கள் என்று பார்ப்பது நல்லது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 2020 நவம்பரில் ஓநாயைத் திரும்பக் கொண்டுவரலாமா என்று மக்களிடம் ஓட்டெடுப்பு நடந்தது. டென்வர், போல்டர் போன்ற நகரங்கள் ஆதரித்தன. மாடு வளர்க்கும் மேற்கு மலைப்பகுதி எதிர்த்தது. மிகக் குறைந்த வித்தியாசத்தில் ஓநாய் வென்றது. 2023 டிசம்பரில் ஆரெகன் மாநிலத்திலிருந்து பத்து ஓநாய்களைப் பிடித்து வந்து விட்டார்கள். சில மாதங்களில் மாடும் ஆடும் சாகத் தொடங்கின. பண்ணைக் குடும்பங்கள் கொதித்தன. அவர்கள் கோபம் நியாயமானது. அங்கேயும் முடிவெடுத்தவர் ஒருவர், விலை கொடுத்தவர் இன்னொருவர்.

ஆனால் கொலராடோ ஒரு காரியம் செய்தது. ஒரு மாட்டுக்கு 15,000 டாலர் வரை இழப்பீடு என்று விதி வகுத்தது. உடல் கிடைக்காத கன்றுகளுக்கும், ஓநாய்ப் பயத்தில் எடை குறைந்த மாடுகளுக்கும், சினை பிடிக்காமல் போன பசுக்களுக்கும் பணம் கேட்கலாம் என்று அதே விதியில் எழுதியது. 2025 மார்ச்சில் இரண்டு பண்ணைகளுக்கு மட்டும் மூன்றரை லட்சம் டாலருக்குச் சற்றுக் குறைவான தொகையை அனுமதித்தார்கள். பணம் கிடைத்ததும் எல்லாரும் சமாதானமாகிவிடவில்லை. சண்டை இன்னும் நடக்கிறது. ஆனால் இழப்பு என்பது செத்த உடலோடு நிற்பதில்லை என்று ஓர் அரசாங்கம் எழுத்தில் ஒப்புக்கொண்டது. நயமக்காட்டில் அப்படி யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

ஐரோப்பா வேறு வழியில் போனது. 2022 செப்டம்பரில், நயமக்காட்டுக்குச் சரியாக ஒரு மாதம் முன்னால், ஜெர்மனியில் ஓர் ஓநாய் ஒரு மட்டக் குதிரையைக் கொன்றது. அது ஐரோப்பிய ஆணையத் தலைவர் உர்சுலா ஃபான் டெர் லையனின் குதிரை. அதற்காகத்தான் சட்டம் மாறியது என்று சொல்வது சரியாகாது. ஆல்ப்ஸ் மலை விவசாயிகள் பல வருஷமாகக் கத்திக்கொண்டிருந்தார்கள். மாட்டுப்பட்டிக்குக் காளை அனுப்பிய அதே சுவிட்சர்லாந்தில் 1995இல் ஓநாய் திரும்ப வந்தது முதலே இந்த வழக்கு ஓயவில்லை. 2024 டிசம்பரில் பெர்ன் உடன்படிக்கையில் ஓநாய்க்கு இருந்த ‘கடும் பாதுகாப்பு’ என்ற நிலையை ‘பாதுகாப்பு’ என்று ஒரு படி இறக்கினார்கள். 2025இல் ஐரோப்பிய ஒன்றியமும் தன் சட்டத்தை அதற்கேற்ப மாற்றிக்கொண்டது.

நமக்கு அந்த வழி வேண்டாம். ஐரோப்பாவில் ஓநாய் பெருகியிருக்கிறது. இந்திய ஓநாயோ சுமார் மூவாயிரம்தான் மிச்சம். அதுவும் பெரும்பாலும் காப்பகங்களுக்கு வெளியே, தக்காணத்து மேய்ச்சல் நிலங்களில், தங்கர், குருபர் இடையர்களின் கிடைகளை ஒட்டி வாழ்கிறது. பாதுகாப்பைக் குறைத்தால் இங்கே மிஞ்சுவது எதுவுமில்லை. பாதுகாப்பை வைத்துக்கொண்டே மாட்டுக்காரரையும் தாங்குவதுதான் இந்த நாட்டுக்கு ஏற்றது. அதற்குச் செலவாகும்.

செலவைத் தட்டிக் கழித்தால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு உதாரணம் நம் மலையிலேயே இருக்கிறது. 2023 செப்டம்பரில் நீலகிரி எமரால்டு அருகே, அவலாஞ்சி அணைப் பக்கம் இரண்டு புலிகள் செத்துக் கிடந்தன. பக்கத்தில் ஒரு மாட்டின் உடல். அதில் பூச்சிமருந்து. தன் மாட்டை இழந்தவர் கைதானார். 2025 ஜூன் 26ஆம் தேதி, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கர்நாடக மாதேஸ்வரன் மலைக் காட்டில் ஒரு தாய்ப் புலியும் நாலு குட்டிகளும் ஒன்றாகச் செத்துக் கிடந்தன. அங்கேயும் செத்த மாட்டின் மேல் விஷம். ஐந்து புலி, ஒரே நாளில். ஒரு மாட்டின் விலையை அந்த வாரமே கையில் கொடுத்திருந்தால் இது நடந்திருக்காது என்று அடித்துச் சொல்ல யாராலும் முடியாது. ஆனால் விஷம் வைப்பதற்கு முந்தைய இரவு அந்த வீட்டில் என்ன பேச்சு நடந்திருக்கும் என்று மாடு வைத்திருக்கும் எவராலும் ஊகிக்க முடியும். விஷம் வைத்தது குற்றம், தண்டனை சரி. அந்தக் குற்றத்துக்கு முன்னால் நடந்த அலட்சியத்துக்கு யாரும் தண்டனை பெறுவதில்லை.

புலியைத் தூக்கிக்கொண்டு போய் வேறு காட்டில் விடுவதும் விடை ஆகவில்லை. நயமக்காட்டுப் புலி விட்ட எட்டாம் நாள் செத்துக் கிடந்தது. 2023இல் சின்னக்கானலிலிருந்து பெரியாறு காட்டுக்குக் கொண்டுபோன அரிக்கொம்பன் யானை கம்பம் ஊருக்குள் இறங்கியதைத் தேனிக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2025 மார்ச்சில் வண்டிப்பெரியாறு கிராம்பிப் பக்கம் நடமாடிய காயம்பட்ட புலி, அரணக்கல் எஸ்டேட்டில் ஒரு மாட்டையும் நாயையும் கொன்றது. மயக்க ஊசி போடப் போனவர்கள் மேல் அது பாய, தற்காப்புக்குச் சுட்டார்கள், செத்தது. வனக்காவலர்களுக்கும் இதில் உயிர்ப்பயம் உண்டு. அவர்களை வைத்து மட்டும் தீர்க்கிற காரியம் இல்லை இது.

பல்லால் வரும் இழப்பு ஒரு வகை. வேலியால் வருவது இன்னொரு வகை. இடுக்கிக்கு இந்தப் பக்கம் தேனி மாவட்டத்தில் மலைமாடு வளர்க்கிறவர்கள் அதைத்தான் அனுபவிக்கிறார்கள். மலையில் மேய்த்து, அறுத்த வயலில் கிடை போட்டு எருவுக்குக் கூலி வாங்கும் பிழைப்பு அவர்களுடையது. 2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் வந்தது. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் முதலில் தமிழ்நாட்டுக் காடுகள் எல்லாவற்றிலும் மேய்ச்சலுக்குத் தடை போட்டு, பிறகு அதைத் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றோடு நிறுத்தியது. ஈரோட்டுப் பக்கம் பர்கூர் மலைமாட்டுக்காரர்களுக்கு 2024 ஜனவரியில் அறிவித்த தந்தை பெரியார் வனஉயிரினச் சரணாலயம் அதே கவலையைக் கொடுத்தது. காட்டுக்குள் பட்டி போட்டு மாட்டை வளர்த்த இனம் அது. பட்டி போனால் இனமும் போகும். மேய்ச்சல் உரிமையை 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் பெயர் சொல்லி அங்கீகரிக்கிறது. அந்தச் சட்டத்தின்படி உரிமையைத் தீர்த்து வைக்காமல் வேலியை மட்டும் முன்னால் போடுவது அநியாயம். இதற்குப் புலியின் மேல் பழி போடுவதும் அநியாயம்.

மாட்டுக்காரர் பக்கமும் செய்ய வேண்டியது இருக்கிறது. விலங்கு அடித்த மாட்டைப் புதைக்காமல் ஓடையில் தள்ளுவது சிறுத்தையை ஊருக்கு அழைப்பது போல. மாலை நாலு மணிக்கு மேல் சோலை ஓரம் மாட்டை விடுவது ஆபத்து என்று தெரிந்தும் விடுகிறார்கள். தெரிந்தே விடுவதற்குக் காரணம், ஆள் கொழுந்துக் காட்டில் நிற்பதுதான். மாட்டை ஓட்டி வர அந்த நேரத்தில் வீட்டில் யாரும் இல்லை. புத்திமதி சொல்கிறவர்கள் இந்த நேரக் கணக்கையும் பார்க்க வேண்டும்.

முடியக்கூடிய காரியம்தான் இது என்று காட்டியவர்கள் இந்த நாட்டிலேயே இருக்கிறார்கள். லடாக்கில் ஓநாயைப் பிடிக்க ‘ஷாங்தோங்’ என்ற கல் பொறிகள் உண்டு. வாய் குறுகி அடி அகன்ற பெரிய குழி. உள்ளே ஓர் ஆட்டைக் கட்டி வைப்பார்கள். குதித்த ஓநாய் வெளியே ஏற முடியாது. கூடி நின்று கல்லெறிந்து கொல்வார்கள். சுஷுல் கிராமத்து மேய்ப்பர்கள் 2018இல் தங்கள் பொறிகளின் சுவரைத் திறந்துவிட்டு, பக்கத்தில் ஒரு ஸ்தூபியும் கட்டினார்கள். வெறும் உபதேசத்தால் வந்த மாற்றமில்லை இது. லடாக்கிலும் ஸ்பிதியிலும் அதற்கு முன்பே பல ஊர்களில் கம்பி வலைக் கூரை போட்ட பட்டிகளும், மேய்ப்பர்களே நடத்தும் கால்நடைக் காப்பீடும் வந்திருந்தன. கோர்பெட் காப்பகத்தைச் சுற்றி 1997 முதல் கோர்பெட் ஃபவுண்டேஷனும் உலக இயற்கை நிதியத்தின் இந்திய அமைப்பும் ஓர் இடைக்கால நிவாரணம் நடத்துகின்றன. புலி அடித்த மாட்டுக்கு அரசுப் பணம் வரும்வரை காத்திருக்க வைக்காமல், உடனே ஒரு தொகையைக் கையில் கொடுக்கும் ஏற்பாடு. பந்திப்பூரில் மாரியம்மா அறக்கட்டளை அதே வேலையைச் செய்கிறது. ஆறாவது மாதம் வரும் முழுத் தொகையைவிட ஆறாம் நாள் வரும் பாதித் தொகைக்கு மாட்டுக்காரர் வீட்டில் மதிப்பு அதிகம்.

மூணாறு இதற்கெல்லாம் ஏற்ற இடம். தொழிலாளர்கள் கலைந்து கிடக்கவில்லை. டிவிஷன் வாரியாக லயங்களில் சேர்ந்து வாழ்கிறார்கள். எந்த வீட்டில் எத்தனை மாடு, எது சினை, எது வற்றியது என்பது பால் சொசைட்டிப் புத்தகத்தைப் பார்த்தாலே தெரியும். டிவிஷனுக்கு ஒன்று என்று கம்பி வலையும் இரும்புக் கதவும் போட்ட பொதுத் தொழுவம் கட்ட ஒரு மழைக்காலத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் உள்ள நாட்கள் போதும். நிலம் கம்பெனியுடையது என்பதால் கம்பெனி இடம் தர வேண்டும், வனத்துறை பணம் தர வேண்டும், பஞ்சாயத்து வேலையை எடுத்து நடத்த வேண்டும். மூவரையும் ஒரு மேஜையில் உட்கார வைக்க ஒரு கலெக்டரால் முடியும். இரவிகுளம் தேசியப் பூங்காவில் வரையாடு பார்க்க வரிசையில் நிற்கும் கூட்டத்தின் நுழைவுக் கட்டணத்தில் ஒரு பங்கை இதற்கென்று ஒதுக்கினால் நிதி எங்கே என்ற கேள்விக்கும் பாதி விடை கிடைத்துவிடும். காட்டின் அழகைப் பார்க்க வருகிறவர், அந்தக் காட்டின் விலையைத் தினமும் கட்டுகிறவருக்குச் சில ரூபாய் தருவதில் எந்தத் தவறும் இல்லை.

கேரள அரசிடமும் இடுக்கி, பாலக்காடு மாவட்டப் பிரதிநிதிகளிடமும் கேட்க வேண்டியவை தெளிவாக இருக்கின்றன. பாதுகாக்கப்பட்ட விலங்கு அடித்த கறவை மாட்டுக்கு, பத்து நாளுக்குள் அதே தரத்து இன்னொரு மாடு வாங்கும் தொகை கொடுங்கள். அடுத்த மாடு கறக்கத் தொடங்கும்வரை போன பாலுக்கும் பணம் கொடுங்கள். காட்டோரத்தில் காணாமல் போன மாட்டை, சொசைட்டிப் பதிவையும் வார்டு உறுப்பினரின் சாட்சியையும் வைத்து ஏற்றுக்கொள்ளுங்கள். சான்றிதழுக்காகத் தொழிலாளியை அலையவிடாமல் கால்நடை மருத்துவரை லயத்துக்கு அனுப்புங்கள். விண்ணப்பப் படிவத்தைத் தமிழிலும் கொடுங்கள். எருத்தேன்பதியிலும் மூணாறிலும் மாடு வளர்க்கிறவர்கள் படிப்பது தமிழ். புலியைக் காக்கும் பொறுப்பை நாடு ஏற்றுக்கொண்டு ஐம்பது வருஷம் தாண்டிவிட்டது. மாட்டின் விலையையும் இனி நாடே ஏற்கட்டும்.